மட்டம் போட்டது மகனா, வீடா?

ஆண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்தில் மார்க் அட்டை கொடுக்கும் நாள். தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், மலாடு - மும்பையில் தமிழர்கள் எங்கே வாழ்ந்தாலும், அன்று மாலை பல வீடுகளில் ஒரே காட்சிதான்.

"ஏலே, மாசா மாசம் டியூஷனுக்குக் கொட்டி அழுதேனே, இதுக்குத்தானா?" என்று தகப்பனார் கையை ஓங்குவார்.

"பிள்ளையை அடிக்காதீங்க. அடுத்த வருஷம் நல்லாப் படிச்சிருவான்" என்று தாயார் குறுக்கே வருவார்.

பையன் தலையைக் குனிந்தபடி சுவரோரம் நிற்பான்.

தகப்பனாரின் கண் போகும் இடம் மார்க்குதான். கணக்கு 28. அறிவியல் 33. அதோடு அட்டையை மடித்து வைத்துவிடுவார். அதே அட்டையின் ஒரு மூலையில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கும். பள்ளி நடந்த நாட்கள் 220. பையன் வந்த நாட்கள் 175.

அந்த இரண்டு எண்களைப் படிக்கிறவர்கள் மிகக் குறைவு. ஆனால், கணக்கில் 28 மார்க் ஏன் வந்தது என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த மூலையில்தான் இருக்கிறது.

45 நாட்கள் எங்கே போயின?

ஓர் உதாரணத்துக்கு 8-ம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். தகப்பனார் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பையன் கெட்ட பையன் அல்ல. வீட்டிலும் அக்கறை இல்லாமல் இல்லை. அவன் பள்ளிக்கூடம் போகாத 45 நாட்களையும் எண்ணிப் பார்ப்போம்.

ஜூன் நடுவில் பள்ளி திறந்துவிட்டது. ஊரில் ஆனி மாதம் அத்தை மகனுக்குக் கல்யாணம். அதை முடித்துக்கொண்டு கிளம்பினால் நாகர்கோவில் எக்ஸ்பிரசில் இடம் இல்லை. திரும்பி வந்து சேர்வதற்குள் 6 நாள் போய்விட்டது.

ஜூலையில் மழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். 4 நாள்.

ஆடியில் ஊர்க் கோவில் கொடை. வரி கொடுத்தவர்கள் போகாமல் இருக்க முடியுமா? குடும்பத்தோடு போய் வந்ததில் 8 நாள்.

மழை ஓய்ந்ததும் காய்ச்சல். 5 நாள்.

தீபாவளி விடுமுறை முடிந்தும், "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்களேன்" என்று ஆச்சி சொன்னதில் 3 நாள்.

கார்த்திகையில் கோவையில் ஒரு கல்யாணம். 4 நாள்.

பொங்கலுக்கு ஊர்ப் பயணம். போகவர மட்டும் மூன்று நாள். எல்லாம் சேர்த்து 7 நாள்.

மிச்சம் 8 நாள். அவைதான் பையன் தானாகப் போட்ட மட்டம். "தலை வலிக்குது" என்று படுத்துக்கொண்டது சில நாள். பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பி, பள்ளிக்குப் போகாமல் மைதானத்தில் கிரிக்கெட் ஆடியது சில நாள்.

கூட்டிப் பாருங்கள். மொத்தம் 45. மழையும் காய்ச்சலும் 9 நாள். பையன் போட்ட மட்டம் 8 நாள். பெரியவர்கள் முடிவு செய்து, பெட்டி கட்டி, டிக்கெட் எடுத்துப் போட்ட மட்டம் 28 நாள்!

ஓங்கிய கை இந்தக் கணக்கைப் பார்த்தால் கொஞ்சம் இறங்கும்.

கண்ணுக்குத் தெரியாத நஷ்டம்

பள்ளிக்கு மட்டம் போடுவது என்றதும், சினிமாக் கொட்டகை வாசலில் நிற்கும் பையன்தான் நினைவுக்கு வருகிறான். அவனைக் கண்டுபிடிப்பது சுலபம். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆனால், இரண்டு நாள், மூன்று நாள் என்று சில்லறையாகப் போகும் நாட்களை யாரும் கண்டுகொள்வதில்லை. சில்லறையாகப் போனாலும் சேர்ந்தால் பெரிய தொகைதானே!

கல்வி உரிமைச் சட்டம் 2009-ம் ஆண்டு நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. ஒன்று முதல் 5-ம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள், 6 முதல் 8 வரை 220 நாள் பள்ளி நடக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது.

இதில் பத்தில் ஒரு பங்கு நாள் வராத பிள்ளையை, 'தொடர்ந்து வராத பிள்ளை' என்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனியாகக் கணக்கெடுக்கிறார்கள். பத்தில் ஒரு பங்கு என்றால் 200 நாளில் 20 நாள். மாதம் ஒன்றுக்கு வெறும் இரண்டு நாள்தான்.

"மாசம் ரெண்டு நாளில் என்ன குடிமுழுகிவிடும்?" என்று கேட்கலாம். ஆண்டுக்கு 20 நாள், பத்து ஆண்டுக்கு 200 நாள். அதாவது முழுதாக ஒரு பள்ளி ஆண்டு! பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகும் அந்தப் பிள்ளை ஒன்பது ஆண்டுப் படிப்போடு போய் உட்காருகிறது. பக்கத்து பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்குப் பத்து ஆண்டுப் படிப்பு. கேள்வித்தாள் என்னவோ இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

விட்ட பாடம் திரும்ப வருமா?

கணக்குப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னம் நடத்தும் வாரத்தில் ஒரு பையன் ஊரில் இருக்கிறான். வந்ததும் நண்பனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறான். நோட்டு நிறைந்துவிட்டது. ஆனால் பின்னம் புரியவில்லை. அடுத்து வருவது சதவீதம். அதற்குப் பின்னம் தெரிய வேண்டும். அதற்கு அடுத்தது லாப நஷ்டம், வட்டிக் கணக்கு. அவற்றுக்குச் சதவீதம் தெரிய வேண்டும். ஒரு வாரம் விட்டது மூன்று பாடத்தைக் கொண்டுபோய்விட்டது. பையனுக்கு மூளை இல்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அடுத்தது மராத்தி. மகாராஷ்டிரத்தில் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயப் பாடமாக்கி 2020-ல் சட்டம் வந்தது. வரலாற்றையோ தமிழையோ வீட்டில் யாராவது சொல்லிக் கொடுக்கலாம். மராத்தி இலக்கணத்தை நம் வீடுகளில் யார் சொல்லிக் கொடுப்பது? பல தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வகுப்பு ஆசிரியரை விட்டால் ஆள் கிடையாது. அந்த வகுப்பும் போய்விட்டால், தெருவில் பேசிப் பழகிய மராத்தி பரீட்சைத் தாளில் கைகொடுக்காது.

மகாராஷ்டிர மாநில வாரியத்தின் எஸ்.எஸ்.சி. பரீட்சையில் மொழிப் பாடம், கணக்கு, அறிவியல் ஆகியவற்றில் 100-க்கு 20 மார்க் பள்ளியிலேயே போடப்படுகிறது. வாய்மொழித் தேர்வு, ஒப்படைப்பு வேலை, செய்முறை என்று ஆண்டு முழுவதும் வகுப்பில் செய்யும் வேலைக்கான மார்க் அது. தேர்ச்சிக்கு வேண்டியது 35. ஒழுங்காக வந்து, சொன்ன வேலையைச் செய்து, அந்த 20-ல் 16 வாங்கிய பிள்ளைக்கு எழுத்துப் பரீட்சையில் 19 கிடைத்தாலே கரை சேர்ந்துவிடலாம். வகுப்புக்கு வராத பிள்ளை இந்த மார்க்கைக் கையிலேயே தொடாமல் இழக்கிறது. கடைசி மாதத்தில் எந்த டியூஷன் வாத்தியாராலும் அதை மீட்டுத் தர முடியாது.

75 சதவீதம் போதுமா?

"75 சதவீதம் வருகை இருந்தால் போதுமே" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். மாநில வாரியமானாலும், சி.பி.எஸ்.இ. ஆனாலும் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பது விதி. நம் உதாரணப் பையன் 220 நாளில் 175 நாள் வந்தான். ஏறத்தாழ 80 சதவீதம். பத்தாம் வகுப்பிலும் இப்படியே வந்தால் விதிப்படி அவன் பரீட்சை எழுதலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்.

இங்கேதான் பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள். 75 சதவீதம் என்பது பரீட்சை மண்டபத்துக்குள் நுழைவதற்கான சீட்டு. உள்ளே போய் எழுத வேண்டிய விடைக்கு அந்தச் சீட்டு உத்தரவாதம் கொடுப்பதில்லை.

75-க்கும் கீழே போனால் நிலைமை இன்னும் மோசம். படிப்பை இடையில் விட்டவர்கள் 17-ம் எண் படிவம் கொடுத்து, தனித் தேர்வராக எஸ்.எஸ்.சி. எழுத வழி இருக்கிறது. அது ஒரு நல்ல ஏற்பாடுதான். ஆனால், வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் வாய்ப்பு கையில் இருக்கும்போதே அதை நழுவவிட்டு அந்த வழிக்கு வருவானேன்?

இன்னொரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் வந்தபோது, 8-ம் வகுப்பு வரை யாரையும் 'பெயில்' போடக் கூடாது என்று இருந்தது. மார்க் குறைந்தாலும் மேல் வகுப்புக்குப் போனதால், வராத நாட்களின் விளைவு வெளியே தெரியவில்லை. 2019-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. 5, 8-ம் வகுப்புகளில் தேறாத பிள்ளைகளை மறுதேர்வுக்குப் பிறகு அதே வகுப்பில் நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு அதிகாரம் கிடைத்தது. மகாராஷ்டிர அரசும் 2023-ல் விதியை அதற்கு ஏற்ப மாற்றியது. முன்பு பத்தாம் வகுப்பில் வந்த அதிர்ச்சி, இனி ஐந்தாம் வகுப்பிலேயே வரக்கூடும்.

இரண்டு காலண்டர்கள்

மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. பள்ளிக்கூடம் மகாராஷ்டிரத்துக் காலண்டர்படி நடக்கிறது. குடும்பம் ஊர்க் காலண்டர்படி நடக்கிறது.

இங்கே கோடை விடுமுறை மே மாதமும் ஜூன் முதல் பாதியும். ஆனால் ஊரில் ஆனி முகூர்த்தம் ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரை. சங்கரன்கோவில் ஆடித்தபசும், தென் மாவட்டத்து அம்மன் கோவில் கொடைகள் பலவும் ஆடியில் வருகின்றன. அப்போது இங்கே முதல் பருவப் பாடம் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டில் பொங்கலுக்குச் சேர்ந்தாற்போல் சில நாள் விடுமுறை உண்டு. இங்கே ஒரு நாளுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கோ ஜனவரியில் முன்தேர்வு நெருக்கடி. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குப் போவது திருநெல்வேலிச் சீமையில் விடாத வழக்கம். அது மார்ச், ஏப்ரலில் வரும். இங்கே அதுதான் பரீட்சைக் காலம்.

குலதெய்வத்தை மறக்கச் சொல்லவில்லை. சொந்த பந்தத்தை விட்டுவிடவும் சொல்லவில்லை. பிழைப்புக்காக ஆயிரம் மைல் தள்ளி வந்தவர்களுக்கு ஊர்தான் வேர். பிள்ளைகள் தாத்தா பாட்டியைப் பார்க்க வேண்டும். தமிழ் பேசிப் பழக வேண்டும். ஆனால் ஒவ்வொரு விசேஷத்துக்கும் முழுக் குடும்பமும் போக வேண்டுமா என்பதை யோசிக்கலாம். கொடைக்குத் தகப்பனார் மட்டும் போய் வரலாம். பிள்ளைகளை மே மாதம் அழைத்துப்போய் ஒரு மாதம் முழுதாக ஊரில் விடலாம். திருச்செந்தூர் சூரசம்ஹாரம் தீபாவளி முடிந்த ஆறாம் நாள் வருகிறது. பெரும்பாலும் இங்கே தீபாவளி விடுமுறைக்குள்ளேயே அடங்கிவிடும். இப்படிப் பொருந்துகிற விசேஷத்தைத் தேர்ந்தெடுத்தால் சாமிக்கும் குறை இல்லை, படிப்புக்கும் குறை இல்லை.

ஏன் ஓடுகிறான்?

இனி, வேண்டுமென்றே மட்டம் போடும் பையனுக்கு வருவோம். அவனுக்கும் ஒரு காரணம் இருக்கும்.

மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழி வழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தமிழ் வழியில் தொடங்கிய பிள்ளைகளில் பலர் உயர்நிலை வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறுகிறார்கள். நேற்று வரை வகுப்பில் கையைத் தூக்கிப் பதில் சொன்ன பையன், இன்று ஆசிரியர் சொல்வது புரியாமல் விழிக்கிறான். கேள்வி கேட்டால் பேந்தப் பேந்த முழிக்கிறான். பின்னால் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். இரண்டு நாள் போகாமல் இருந்தால் நிம்மதியாக இருக்கிறது. இரண்டு நாள் போகாததால் மூன்றாம் நாள் பாடம் இன்னும் புரிவதில்லை. எனவே நான்காம் நாளும் போவதில்லை.

வராததால் மார்க் குறைகிறது. மார்க் குறைந்த வெட்கத்தால் வர மறுக்கிறான். இந்த இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே போகும். அடி கொடுத்தால் இன்னும் வேகமாகத்தான் ஓடுவான்.

வீட்டு வேலையும் ஒரு காரணம். தாராவியில் இட்லி வியாபாரம் பல தமிழ்க் குடும்பங்களின் பிழைப்பு. விடியுமுன் அடுப்பு எரிய வேண்டும். மூன்று மணிக்கு எழுந்து கூடமாட வேலை செய்த பையன் வகுப்பில் தூங்கி விழுகிறான். நாளாவட்டத்தில் வகுப்புக்கே போவதில்லை. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2016-ல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. குடும்பத் தொழிலில் உதவலாம். ஆனால் அது பள்ளி நேரம் போக மிச்ச நேரத்திலும் விடுமுறையிலும்தான் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. அவர்கள் மைதானத்துக்கு ஓடுவதில்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரமும் பள்ளி மணி அடிக்கும் நேரமும் ஒன்றாகிவிட்டால் குடத்தோடு நிற்பவள் மகள்தான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். மாதந்தோறும் அந்த மூன்று நாட்களும் வீட்டோடு நிறுத்திவிடும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பத்து மாதத்தில் 30 நாள்! அதற்கு மேல் எவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணாக இருந்தாலும் எப்படி முதல் மார்க் வாங்குவாள்?

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

நாட்டின் கிராமப்புறங்களில் 'அசர்' என்ற கல்வி நிலைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. கணக்கெடுப்பவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்குப் போய்த் தலையை எண்ணுகிறார்கள். 2024 கணக்குப்படி, அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பதிவேட்டில் 100 பேர் இருந்தால், வகுப்பில் இருந்தவர்கள் சுமார் 76 பேர். 3-ம் வகுப்புப் பிள்ளைகளில் 2-ம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 100-க்கு சுமார் 27 பேர்தான். இதற்கு வருகைக் குறைவு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், நாலில் ஒரு பிள்ளை இல்லாத வகுப்பில் பாடம் எப்படி நகரும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் சிகாகோ நகரப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. 9-ம் வகுப்பில் ஒரு மாணவன் தேறுவானா, மாட்டானா என்பதை அவன் முன்பு வாங்கிய மார்க்கைவிட, அந்த ஆண்டு அவன் வகுப்புக்கு வந்த நாட்களே தெளிவாகக் காட்டின.

ராஜஸ்தானில் உதயப்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் 2003-ல் ஒரு சோதனை தொடங்கியது. அங்கே மட்டம் போட்டவர்கள் ஆசிரியர்கள்! தினமும் பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் பிள்ளைகளோடு சேர்ந்து போட்டோ எடுக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் சம்பளம் என்று ஏற்பாடு செய்தார்கள். ஆசிரியர்கள் வராத நாட்கள் பாதியாகக் குறைந்தன. பாடம் நடந்த நாட்கள் கூடின. பிள்ளைகளின் மார்க்கும் கூடியது.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் நடந்த சோதனை வேறொரு பாடம் சொன்னது. பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுத்ததும், வராத நாட்கள் நாலில் ஒரு பங்கு குறைந்தன. ஆனால் மார்க் உடனே ஏறவில்லை. பிள்ளை வகுப்பில் வந்து உட்கார்ந்தால் மட்டும் போதாது. விட்டுப்போன பாடத்தை யாராவது சொல்லிக் கொடுக்கவும் வேண்டும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். நம் நாட்டிலும் 2015 முதல் பிப்ரவரி 10-ந் தேதி குடற்புழு நீக்க நாளாக நடக்கிறது. அன்று பள்ளியில் கொடுக்கும் மாத்திரையைப் பிள்ளைகள் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

வயிறு நிறைந்தால் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் என்பதைத் தமிழர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காமராஜர் ஆட்சியில் மதிய உணவு கண்ட நாடு அது. எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கியது. அதன் பிறகு பல பள்ளிகளில் வருகை கூடியதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. மும்பையில் அவசரமாக லோக்கல் வண்டி பிடிக்க ஓடும் வீடுகளில், பிள்ளை சாப்பிட்டுக் கிளம்பியதா என்று பார்க்கிறோமா?

என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் வேண்டாம். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் போதும். பிள்ளை பள்ளி போகாத நாளைச் சிவப்பு மையால் சுழித்து வையுங்கள். யார் காரணம் என்றும் பக்கத்தில் எழுதுங்கள். மழையா, காய்ச்சலா, ஊரா, பையனா? மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். இரண்டு நாளைத் தாண்டினால் விழித்துக்கொள்ள வேண்டும்.

ரெயிலில் இப்போது 60 நாளுக்கு முன்புதான் டிக்கெட் பதிவு செய்ய முடியும். 2024 நவம்பர் முதல் இந்த விதி. போகும் டிக்கெட் எடுக்கும்போதே, பள்ளி திறக்கும் தேதிக்கு முன்பு வந்து சேரும்படி திரும்பும் டிக்கெட்டுக்கும் நாள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கிடைக்கவில்லை என்ற காரணத்தால் போகும் நாட்கள்தான் பல வீடுகளில் அதிகம்.

தவிர்க்க முடியாமல் லீவு எடுக்க நேர்ந்தால், போகுமுன் வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். அந்த வாரம் என்ன பாடம் நடக்கும் என்று கேளுங்கள். திரும்பி வந்ததும் நோட்டைப் பார்த்து எழுதுவதோடு விட்டுவிடாமல், ஒவ்வொரு கணக்கையும் பிள்ளையைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை. விடை சரியா என்று பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் பார்த்துச் சொல்வார்.

கல்யாணத்துக்குப் போய்விட்டுக் காய்ச்சல் என்று லீவு கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள். அடுத்த முறை அதே பொய்யைப் பிள்ளை உங்களிடம் சொல்லும்.

சில குடும்பங்களில் வேலை போய்விட்டாலோ, பெரியவர்கள் நோயில் விழுந்தாலோ மாதக்கணக்கில் ஊரில் தங்க நேரும். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது எத்தனையோ பேர் அப்படிப் போனார்கள். அப்போது பிள்ளையைச் சும்மா வீட்டில் வைத்திருக்காமல், அங்கே உள்ள அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு சொல்கிறது. இது 8-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கான உரிமை.

பையன் மட்டம் போடுகிறான் என்று தெரிந்தால், அடிக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள். "எந்தப் பாடம்லே உனக்குப் புரியலை?" பதில் உடனே வராது. இரண்டு மூன்று நாள் ஆகலாம். வந்துவிட்டால் அந்தப் பாடத்துக்கு மட்டும் உதவி தேடுங்கள். எல்லாப் பாடத்துக்கும் டியூஷன் வைப்பதைவிட அது செலவும் குறைவு, பலனும் அதிகம்.

கம்பெனியில் ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். அது நமக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் காய்ச்சலோடும் வேலைக்குப் போகிறோம். பிள்ளை போகாத நாளுக்கு அன்றே யாரும் பிடித்தம் செய்வதில்லை. ஆண்டுக் கடைசியில் மார்க் அட்டையில்தான் மொத்தமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்த முறை அட்டை வீட்டுக்கு வரும்போது மார்க்கைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த மூலையில் உள்ள இரண்டு எண்களைப் படியுங்கள். பிறகு சுவரில் தொங்கும் காலண்டரைப் பாருங்கள். அதன் பிறகு பையனைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.